மீன் தொட்டிக்குள் ஐஸ் போட வேண்டாம். மூடியைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதும் பறவைகளுக்கு மொட்டை மாடியில் தண்ணீர் வைக்கும்படியும், ஆடு மாடுகளை உச்சி வெயிலில் மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டாமென்றும் தங்கள் நாளிதழ் ஆண்டுதோறும் நினைவூட்டி வருகிறது. அந்த வரிசையில் இதுவரை இடம்பெறாத ஓர் உயிரைப் பற்றி எழுத விரும்புகிறேன். மதுரையில் இன்று எத்தனையோ வீடுகளின் முன்னறையில் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் வளர்கின்றன. வெயில் ஏறினால் பறவை நிழல் தேடிப் பறக்கும், மாடு மரத்தடிக்கு நகரும். தொட்டி மீனோ நாம் ஊற்றிய தண்ணீரிலேயே கிடந்தாக வேண்டும். கத்திரி வெயிலில் அந்தத் தண்ணீர் சூடேறி மீன் செத்துப்போனால், "வெயில் தாங்கவில்லை" என்று சொல்லிவிட்டு மறுவாரமே புதிய மீன் வாங்கி விடுகிறோம். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை என்பதையும், தடுப்பதாக எண்ணிப் பலரும் செய்கிற ஐஸ் போடும் வழக்கம் சிறிய தொட்டிகளில் கேடாகவே முடிகிறது என்பதையும் சொந்த இழப்பின் வழியாக அறிந்துகொண்டவன் என்பதால் இக்கடிதம் சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நான் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி ஆசைப்பட்டாள் என்பதற்காக இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டி ஒன்றை வாங்கி, மாடியறையில் மேற்குச் சுவரை ஒட்டி வைத்து, ஏழு கோல்டு ஃபிஷ் விட்டேன். கூழாங்கல் போக ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீர் நிற்கும் தொட்டி அது. விளக்கோடு சேர்ந்த பிளாஸ்டிக் மூடி மேலே இடைவெளியின்றிப் பொருந்தி உட்காரும். தண்ணீருக்குள்ளேயே ஃபில்டர் மோட்டார் ஓடும். இந்த ஊர் வெயிலை இந்த மீன் தாங்குமா என்று வாங்கும்போதே கேட்டேன். "எல்லாம் இங்கேயே பழகின மீன்தான் சார்" என்று கடையில் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அந்த ஆண்டு மே மாதத்தில் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தது. காலை 9 மணிக்குப் போன மின்சாரம் மாலை 5 மணிக்குத் திரும்பியபோது, ஏழு மீன்களும் நீர்மட்டத்தில் வாயை வைத்துக் குபுகுபுவென்று விழுங்கிக் கொண்டிருந்தன. மூடியைத் தூக்கினால் அதன் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்து நின்றன. கையை விட்டுப் பார்த்தேன், குளிப்பதற்கு விளாவி வைத்த வெந்நீரைப் போல இருந்தது. பதற்றத்தில் ஃபிரிட்ஜிலிருந்த இரண்டு தட்டு ஐஸ் கட்டிகளையும் அப்படியே கொட்டினேன். மீன்கள் சற்று அடங்கியது போலத் தோன்றவே, மூடியைப் பழையபடி மூடிவிட்டு, சத்தமாக இருக்கிறது என்று ஏர் பம்பையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை 5 மணிக்கு விளக்கைப் போட்டபோது நான்கு மீன்கள் மல்லாந்து மிதந்தன. பேத்தி எழுவதற்குள் எடுத்துவிட வேண்டுமென்று அவசரமாக வலையில் அள்ளினேன். நான்குக்கும் வாய் திறந்தபடி இருந்தது. செவுள் மூடி இரு பக்கமும் விரிந்து நின்றது. மூச்சு கிடைக்காமல் இறந்த மீனின் அடையாளம் அதுதான் என்பதைப் பிற்பாடு படித்தே தெரிந்துகொண்டேன்.

நண்பகல் வெப்பத்தைத் தாண்டிய மீன் ஏன் விடியற்காலையில் சாக வேண்டும் என்ற கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கக் கூடிய ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 35 டிகிரியில் அது 7 மில்லிகிராமுக்கு இறங்கிவிடும். ஆறில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றலாம். ஆனால் மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் உயிரினம் அல்ல. தண்ணீர் 10 டிகிரி ஏறினால் அதன் உடலின் இயக்கமும் வேகமெடுத்து, அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. வரவு குறையும் அதே நேரத்தில் செலவு இரட்டிப்பாகும் நிலை இது. இரவில் தொட்டியிலுள்ள செடிகளும் பாசியும் ஆக்சிஜனைத் தருவதை நிறுத்திவிட்டுத் தாமும் எடுத்துக்கொள்வதால், விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். இதோடு, நம் காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு முழுவதும் அறைக்குள் இறக்குகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கோடையில் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து நான் ஏர் பம்பை அணைத்திருக்கிறேன். இரவில் சத்தத்துக்காக அதை அணைக்கும் வழக்கம் உள்ளவர்கள், கோடை முடியும் வரையிலாவது அதை விட்டுவிட வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

வெப்பம் இன்னொரு வழியிலும் மீனைத் தாக்குகிறது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சம் விழுந்த தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அதில் ஒரு பகுதிதான் கடும் நஞ்சு; தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போது அந்த நச்சுப் பகுதியின் விகிதம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. தண்ணீரின் காரத்தன்மை கூடினாலும் அது கூடும். மதுரையில் பலரும் தொட்டிக்கு ஊற்றுவது உப்பேறிய போர் தண்ணீரைத்தான் என்பதால் நாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கோடையில் தீனியைப் பாதியாகக் குறைப்பது ஒன்றே இதற்குப் பெரிய உதவி.

இனி, ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ் கட்டியோ, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலோ தொட்டியைக் குளிர்விக்காது என்று நான் சொல்லவில்லை. அது குளிர்விக்கும் விதம்தான் பிழையானது. 34 டிகிரியில் இருக்கும் 60 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் பாட்டில் ஐஸை மிதக்கவிட்டால், அது முழுதும் உருகி முடியும்போது தண்ணீர் 2 டிகிரி இறங்கும்; சில மணி நேரத்தில் அறையின் வெக்கை அதை மீண்டும் ஏற்றிவிடும். அதுவே 10 லிட்டர் கண்ணாடிக் குடுவையாக இருந்தால், அரை லிட்டர் பாட்டிலே 5 டிகிரிக்கு மேல் சட்டென்று இறக்கிவிடும். வெயிலில் தவித்த மீனுக்கு இந்தத் திடீர் வீழ்ச்சி இரண்டாவது அடி. குழாய்த் தண்ணீரில் உறைந்த கட்டியை நேரடியாகப் போட்டால், அதிலுள்ள குளோரினும் சேர்ந்து இறங்கும்.

அன்று மூடியின் உட்புறத்தில் கோத்து நின்ற நீர்த்துளிகளை நான் பார்த்தும் புரிந்துகொள்ளவில்லை. தண்ணீர் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ள முயன்று, ஆவியாகி, மூடியில் முட்டித் திரும்பவும் உள்ளேயே விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஆவியாகும்போது உடன் எடுத்துச் செல்லும் வெப்பம் சாதாரணமானதல்ல. ஒரு லிட்டர் ஐஸ் உருகி 30 டிகிரிக்கு வரும் வரை எவ்வளவு வெப்பத்தை உள்வாங்குமோ, அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பத்தை, ஆவியாகும் ஒரு லிட்டர் தண்ணீர் தொட்டியை விட்டு வெளியே கொண்டுபோகிறது. அதுவும் நாள் முழுவதும் சிறுகச் சிறுக நடப்பதால் மீனுக்கு அதிர்ச்சி இல்லை. மானாமதுரைப் பானையை வீட்டில் வைத்து நாம் காலம் காலமாகச் செய்து வருவது இதுதான். பானையின் மேனியில் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைச் சில்லிட வைக்கிறது. கண்ணாடி கசியாது என்பதால், தொட்டிக்கு இருக்கும் ஒரே வழி அதன் மேற்பரப்புதான். அதையும் மூடி போட்டு அடைத்துவிட்டு உள்ளே ஐஸ் போடுகிறோம்.

மறுவாரமே மூடியைக் கழற்றி வைத்தேன். மீன் துள்ளி விழாமலும் பல்லி உள்ளே விழாமலும் இருக்க, மரச் சட்டம் ஒன்றில் கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டிப் போட்டேன். பழுதான கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய, உள்ளங்கை அளவே உள்ள 12 வோல்ட் விசிறி ஒன்றை ஒரு அடாப்டரில் இணைத்து, தண்ணீரின் மேற்பரப்பைச் சாய்வாகத் தடவிச் செல்லும்படி தொட்டியின் விளிம்பில் பொருத்தினேன். ஆய்வகப் பழக்கம் விடவில்லை. மூன்று நாள் விசிறி ஓடவும் மூன்று நாள் ஓடாமலும் விட்டு, இரவு 9 மணிக்குத் தெர்மாமீட்டரைப் பார்த்துக் குறித்து வந்தேன். விசிறி இல்லாத இரவுகளில் 34 டிகிரியை ஒட்டி நின்ற தண்ணீர், விசிறி ஓடிய இரவுகளில் 30 டிகிரியில் நின்றது. அறையோ 35 டிகிரிக்குக் குறையவில்லை. மதுரை கடலை விட்டுத் தள்ளி இருப்பதாலும் கோடைப் பிற்பகலில் இங்கே காற்றில் ஈரம் குறைவு என்பதாலும் இந்த முறை நமக்கு நன்றாகவே பலன் தருகிறது. இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதே விசிறி இதே அளவுக்குத் தண்ணீரை இறக்காது. விசிறியின் வயர் பிளக்குக்குப் போகும் வழியில், பிளக்கை விடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி விட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலிருந்து தரையில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

இதற்கு ஒரு விலை உண்டு. என் தொட்டியில் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. அதை ஈடுகட்ட நண்பகலில் குழாயைத் திறப்பது பெரும் தவறு. மாடித் தொட்டியிலிருந்து அந்நேரம் இறங்குவது கையைப் பொசுக்கும் வெந்நீர். விடியற்காலையில் பிடித்து, ஒரு பானையில் ஊற்றி வைத்த தண்ணீரை மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே நாளெல்லாம் ஊற்றிக்கொண்டிருந்தால் மாதக் கடைசியில் தொட்டித் தண்ணீர் கரித்துவிடும். ஈடுகட்டுவதற்கு உப்பில்லாத தண்ணீரும், வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கை வெளியேற்றி மாற்றுவதும் அவசியம். மாநகராட்சிக் குடிநீராக இருந்தால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு, மேற்கு வெயில் படாத சுவருக்கு மாற்றியது விசிறிக்கு அடுத்தபடியாகப் பலன் தந்தது. விளக்கைப் பகலில் எரியவிடுவதில்லை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேர்கிறது என்பதால், தொட்டிக்குத் தேவையானதை விடப் பெரிய மோட்டாரைப் பொருத்துவது கோடையில் வெந்நீர் போடுவதற்குச் சமம். வெளியே உட்கார்ந்து காற்றை மட்டும் உள்ளே அனுப்பும் ஏர் பம்புக்கு இந்தக் குறை இல்லை. சில்லர் என்னும் குளிர்விப்பான் கருவி கடல் மீனும் பவளமும் வளர்ப்பவர்களுக்கு வேண்டியிருக்கலாம். நம் வீட்டுத் தொட்டிகளுக்கு அந்தச் செலவு தேவைப்படாது.

மின்தடை நாளில் விசிறி, ஏர் பம்ப் இரண்டும் நின்றுவிடும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் அந்த இரண்டையும் அதில் இணைத்துவிடலாம். இரண்டும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். இல்லாதவர்களுக்கு, பாலை ஆற்றத் தெரிந்த எவரும் செய்யக் கூடிய வழி ஒன்று உண்டு. ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து மெதுவாகத் தொட்டிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து சொம்பு போதும். ஆற்றும்போது பால் எப்படிச் சூடு தணிகிறதோ அப்படித் தண்ணீரும் தணிவதோடு, விழுகிற தாரை காற்றையும் உள்ளே இழுத்துச் செல்கிறது. பழைய பருத்தி வேட்டியை நனைத்துத் தொட்டியின் மூன்று பக்கமும் சுற்றி, காயக் காயத் தண்ணீர் தெளித்தால், கசியாத கண்ணாடியும் ஓரளவு பானையாகிவிடும். சென்ற ஆண்டு மின்தடை நாளில் என் பேத்தி முக்காலி போட்டு ஏறி நின்று, எண்ணி எண்ணிச் சொம்பால் ஆற்றினாள். அன்று மாலை ஒரு மீன்கூட நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கவில்லை. மின்சாரம் வந்த பிறகும் ஒரு கவனம் வேண்டும். பல மணி நேரம் நின்றுபோன ஃபில்டரின் பஞ்சில் நல்ல பாக்டீரியாக்கள் காற்றின்றி மடிந்திருக்கக் கூடும். அந்தப் பஞ்சை, தொட்டியிலிருந்து வெளியே மொண்டெடுத்த தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மோட்டாரை ஓடவிட வேண்டும்.

மீனைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடுகிறது. நான் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். சித்திரையில் கண்மாய் வற்றி நடுவிலிருக்கும் மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது, கெண்டையெல்லாம் அந்த ஆழத்துக்குப் போய்க் குளிர்ச்சியில் ஒதுங்கிவிடும். விராலும் பனையேறிக் கெண்டையும் முழங்கால் அளவுக் கலங்கலிலும் பிழைத்துக் கிடக்கும், ஏனென்றால் அவை மேலே வந்து காற்றை நேரடியாகவே மூச்சாக எடுக்கக் கூடியவை. தொட்டியில் மடு இல்லை. ஆகவே, பனையேறிக் கெண்டையைப் போலவே காற்றை மூச்சாக எடுக்கும் ஃபைட்டர், கௌராமி போன்றவையும், வெதுவெதுப்பான நீருக்கு உரிய கப்பி, மோலி, ஏஞ்சல் போன்றவையும் நம் ஊர்க் கோடைக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். ஃபைட்டராயிற்றே என்று அதைக் கைப்பிடி அளவு பாட்டிலில் அடைத்து ஜன்னலில் வைத்தால் அதுவும் வெந்துதான் போகும். சீனத்தைப் பூர்வீகமாகக் கொண்ட, 18 முதல் 24 டிகிரி வரையுள்ள நீரில் செழிப்பாக வாழும் கோல்டு ஃபிஷ்ஷைத்தான் நாம் குழந்தைகளுக்கு முதலில் வாங்கித் தருகிறோம்; அதையும் பெரும்பாலும் வாய் குறுகிய உருண்டைக் குடுவையில் விடுகிறோம். தண்ணீர் குறைவு என்பதால் விரைவில் சூடேறும், வாய் குறுகல் என்பதால் காற்றும் சரியாகப் படாது. அதைவிடப் பொருத்தமில்லாத இருப்பிடம் அந்த மீனுக்கு வேறில்லை. இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு. எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஆகையால் மதுரையிலுள்ள வண்ண மீன் கடைக்காரர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. மீனைத் தண்ணீரும் காற்றும் நிரப்பிப் பாலித்தீன் பையில் கட்டிக் கொடுக்கும்போது, அந்த மீன் எத்தனை டிகிரி முதல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையோடு கொடுக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. தொட்டி வாங்குபவருக்கு மூடியோடு ஒரு தெர்மாமீட்டரையும் காட்டி, கோடையில் மூடிக்குப் பதில் வலை போடச் சொல்ல வேண்டும். மீன்வளத் துறையினர் இத்தகைய துண்டுத் தாளைத் தமிழில் அச்சிட்டுக் கடைகளுக்குக் கொடுக்க முன்வந்தால், கடைக்காரர்களுக்கும் சுலபமாக இருக்கும்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. மறுநாள் எந்தெந்தப் பகுதிகளில் மின்தடை என்ற அறிவிப்பைத் தாங்கள் தவறாமல் வெளியிட்டு வருகிறீர்கள். ஏப்ரல், மே இரு மாதங்களுக்கு மட்டுமாவது அதன் கீழே, "மீன் தொட்டி வைத்திருப்போர் மூடியைத் திறந்து வைக்கவும், தீனி போட வேண்டாம், தண்ணீரை அவ்வப்போது சொம்பால் ஆற்றவும்" என்று இரண்டு வரி சேர்த்து வெளியிடும்படி மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அன்று என் வீட்டில் மிஞ்சிய மூன்று கோல்டு ஃபிஷ்களும் இப்போது கீழ்த்தளத்தில், வலை மூடிய தொட்டியில், மூன்றாவது கோடையைக் கடந்துகொண்டிருக்கின்றன. இன்று காலை 6 மணிக்குத் தண்ணீர் 28 டிகிரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநகர், மதுரை.